காரைக்காலில் கேட்ட கல்லூரிக் கதைகள்

காரைக்கால் என்றால் சிலருக்குத் திருநள்ளாறு நினைவுக்கு வரும். சனிப் பெயர்ச்சி சமயத்தில் நள தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். இன்னும் சிலருக்கு மாங்கனித் திருவிழா நினைவுக்கு வரும். ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதி உலா வரும்போது, மாடிகளிலிருந்து வீசி எறியும் மாம்பழத்தில் ஒன்றையாவது பிடித்துவிடவேண்டும் என்று கூட்டத்தில் மிதிபட்டிருப்பார்கள். ஆனால் இந்த ஊருக்குப் போய், "உங்கள் கல்லூரி நாட்கள் எப்படி இருந்தன?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு அலைந்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

முதலில் ஊரின் பூகோளத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்கேயிருந்து வருகிறவர்கள் தரங்கம்பாடி, பொறையாறு தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் பூவம். அங்கே காரைக்கால் எல்லை தொடங்குகிறது. எல்லையில் நம்மை முதலில் வரவேற்பவை மதுக்கடைப் பலகைகள்தாம். கூடக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் கவனத்தைத் தென்னந்தோப்பின் பக்கம் திருப்பிவிட வேண்டியதுதான்! தெற்கே வாஞ்சூரோடு எல்லை முடிகிறது, அடுத்தது நாகூர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நடுவில் சுமார் 160 சதுர கிலோ மீட்டர் நிலம். ஒரு நகராட்சி, ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். தலைநகரமான புதுச்சேரியோ 130 கிலோ மீட்டருக்கு அப்பால். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அடுத்த மாநிலத்தின் ஊர்களைத் தாண்டித்தான் சொந்தத் தலைநகரத்துக்குப் போகவேண்டும். இந்த 130 கிலோ மீட்டரைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்ட கதைகளில் எல்லாம் வில்லன் வேஷம் கட்டியது இந்தத் தூரம்தான்.

1739-ம் வருஷம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. நடுவே சில தடவை ஆங்கிலேயர் பிடித்ததும், மறுபடி பிரெஞ்சுக்காரரிடம் போனதும் உண்டு. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-ல் முடிந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரை இன்றும் 'சொல்தா' என்று சொல்லும் பெரியவர்களைப் பார்க்கலாம். இந்த ஊர் ஆண்பிள்ளைகள் உத்தியோகத்துக்காகச் சைகோன் வரை கப்பல் ஏறிப் போனவர்கள். ஆனால் பெண்ணைச் சிதம்பரத்துக்குப் படிக்க அனுப்புவது என்றால் மட்டும் அதே வீடுகளில் பெரிய யோசனை!

இத்தனைக்கும் இது காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர். அறுபத்து மூன்று நாயன்மார்களில் பெண்கள் மூவர்தாம். அவர்களில் ஒருவர் இந்த ஊர் வணிகர் வீட்டுப் பெண் புனிதவதி. அந்தாதியும் இரட்டை மணிமாலையும் பதிகமும் பாடியவர். அப்பேர்ப்பட்ட அம்மைக்குக் கோயில் கட்டி, வருஷம் தவறாமல் விழா எடுக்கிற ஊரில், பெண்கள் பள்ளிப் படிப்போடு நின்றுவிடுவது வெகு காலம் சகஜமாக இருந்தது. பையன்களுக்காவது கும்பகோணம் இருந்தது. மாயவரத்துப் பக்கம் மன்னம்பந்தல் இருந்தது. 1929 முதல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருந்தது. அங்கெல்லாம் பெண்ணை அனுப்ப வேண்டுமென்றால் விடுதிச் செலவு ஒரு பக்கம், "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்பது இன்னொரு பக்கம்.

அறுபதுகளில் காரைக்காலுக்கென்று ஓர் அரசுக் கலைக் கல்லூரி வந்தது. அறிஞர் அண்ணா பெயர் தாங்கி இன்றும் நடக்கிறது. எழுபதுகளில் பெண்களுக்குத் தனிக் கல்லூரியும் வந்தது. அதற்கு ஒளவையார் பெயரை வைத்தார்கள். அம்மையார் ஊரில் ஒளவையார் கல்லூரி, பொருத்தத்துக்குக் கேட்பானேன்! புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல்தான் தோன்றியது. அதுவரை இந்தக் கல்லூரிகளுக்குப் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான்.

நான் சந்தித்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பேராசிரியை. புதுச்சேரிக்காரர். புதுவை அரசாங்க உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு. அந்த யூனியன் பிரதேசத்துக்கு நாலு துண்டுகள்: புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, கோதாவரிக் கரையில் ஏனாம். மாற்றல் உத்தரவு வந்தால் எந்தக் கடலோரத்துக்கு என்று சொல்ல முடியாது!

"காரைக்கால் உத்தரவு கையில் வந்ததும் அழுதேன். கைக்குழந்தை வேறு. ரெண்டே வருஷம், பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டு ஓடிடணும்னு வந்தேன். இந்தப் பெண்கள் விட்டால்தானே! ஒரு நாள் குழந்தைக்கு ஜுரம்னு லீவு போட்டேன். சாயங்காலம் அஞ்சு பெண்கள் வாசலில் நிக்கிறாங்க. ஒருத்தி கையில் ரசம், ஒருத்தி கையில் கருவாட்டுப் பொட்டலம். நாங்க சைவம்னு அவளுக்குத் தெரியாது, பாவம்!" என்று சிரித்தார் அம்மாள். இரண்டு வருஷத்துக்கு வந்தவர் பதினோரு வருஷம் இருந்தாராம். போகும்போதும் அழுதாராம்.

அவரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய பழைய மாணவி. இப்போது பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. தமக்கே பேரன் இருக்கிறான். ஆனாலும் "மேடம் இருக்கப்ப நான் எப்படி முதல்ல பேசறது?" என்று வாய் திறக்க மறுத்தார். பேராசிரியை உத்தரவு கொடுத்த பிறகுதான் கதை வந்தது.

அவர் அம்பகரத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். அந்தக் காலத்தில் பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு ஒரு சின்ன ரயில் ஓடிற்று. எண்பதுகளில் அது நின்றுபோயிற்று. (2011-ல் நாகூர் வழியாகத்தான் காரைக்காலுக்கு ரயில் திரும்ப வந்தது.) "ரயில் போகிற வேகத்துக்கு நடுவிலே இறங்கிப் பூப் பறிச்சுட்டு மறுபடி ஏறிக்கலாம்னு கேலி பண்ணுவோம். ஆனால் அந்த ரயில் இல்லேன்னா நான் இல்லை. விளக்கு வைக்கிறதுக்குள்ளே வீட்டுக்கு வந்துடணும், வந்துட்டா படிக்கலாம், இதுதான் அப்பா போட்ட சட்டம். கல்லூரி புதுச்சேரியிலே இருந்திருந்தா விளக்கு வைக்கிறதுக்குள்ளே எப்படி வர்றது?"

காரைக்காலில் நான் கேட்டதன் சாராம்சமே இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பெரிய நகரத்தில் எத்தனை பெரிய கல்லூரி இருந்தால் என்ன? விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்ப முடிகிற தூரத்தில் இருந்தால்தான் அது அந்தப் பெண்ணுக்குக் கல்லூரி.

கல்லூரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரையும் பார்த்தேன். பேராசிரியர்களுக்குத் தெரியாத ரகசியங்கள் அவருக்குத் தெரியும். பணம் கட்டக் கடைசி நாளன்று எந்தத் தாயார் காதில் தோடு இருக்காது என்று அவருக்கு மனப்பாடம். "அறுவடை முடிஞ்சதும் தோடு திரும்பி வந்திரும்மா. அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே வந்து, 'மீட்டுட்டேன்'னு எங்கிட்ட காட்டிட்டுப் போவாங்க" என்றார்.

2004 டிசம்பர் 26-ஐப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் பொங்கிக் கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவர் குப்பங்களுக்குள் புகுந்தது. காரைக்கால் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மறுபடி வகுப்பு தொடங்கிய அன்று வருகைப் பதிவேட்டைத் திறக்கவே கை வரவில்லை என்றார் ஓர் ஆசிரியை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுவிட்டு, "உள்ளேன்" என்ற குரல் வரும் வரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். புத்தகம், சான்றிதழ், மாற்றுப் புடைவை எல்லாவற்றையும் அலைக்குக் கொடுத்த பெண்கள், தோழியின் தாவணியைக் கட்டிக்கொண்டு வகுப்பில் வந்து உட்கார்ந்தார்களாம்.

இத்தனை கதைகளுக்கும் நடுவில் ஒருவர் மட்டும் பேசாமல் காப்பி கொடுத்துக்கொண்டே இருந்தார். தலைமை ஆசிரியையின் வகுப்புத் தோழி. "நீங்க எந்த வருஷம் முடிச்சீங்க?" என்று கேட்டேன். "நான் எங்கேங்க முடிச்சேன்? ரெண்டாம் வருஷம் நடுவிலே கல்யாணம். புத்தகத்தையெல்லாம் இவகிட்டேதான் கொடுத்துட்டுப் போனேன்" என்றார். தலைமை ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். கணக்கில் இவரைவிட அவர்தான் கெட்டிக்காரியாம்.

அப்போதுதான் பேராசிரியை ஒரு விஷயத்தை எடுத்தார். 'சமுதாயக் கல்லூரி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் இதன் முன்னோடி தொடங்கியது. அதிபர் ட்ரூமன் அமைத்த குழு, ஊருக்கு ஊர் இப்படி வேண்டும் என்று 1947-ல் சொன்ன பிறகு அந்தப் பெயர் பரவியது. நம் தேசத்தில் முதல் சமுதாயக் கல்லூரியை 1995-ல் தொடங்கியது புதுவைப் பல்கலைக்கழகம்தான். அது புதுச்சேரி லாஸ்பேட்டையில் அமைந்தது. பிறகு சென்னையிலும் மற்ற ஊர்களிலும் பரவி, பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்குத் தனித் திட்டம் போட்டது.

இதன் சூட்சுமம் எளிது. ஊருக்கு என்ன வேலை தெரிந்தவர்கள் வேண்டுமோ அதைச் சொல்லிக் கொடுப்பது. கொஞ்சம் பாடம், கொஞ்சம் கைவேலை. ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, கடை எல்லாமே வகுப்பறை. கட்டணம் அதிகமில்லாமல், வயதையும் பழைய மதிப்பெண்ணையும் பெரிதுபடுத்தாமல், படிப்பை நடுவில் விட்டவர்களையும் உள்ளே அழைப்பது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தோன்றியது: பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே காரைக்கால் கல்லூரிகள் இதில் பாதி வேலையைச் செய்துவிட்டன. வீட்டுக்குப் பக்கத்தில் வாசலைத் திறந்து வைத்தார்கள். மீதிப் பாதிதான் பாக்கி: ஒரு தடவை வெளியே போனவள் திரும்ப வர ஒரு வாசல்.

"எனக்கு அம்பத்தாறு வயசாச்சு மேடம்" என்றார் காப்பி கொடுத்த அம்மாள்.

"நான் இந்த ஊருக்கு வந்தப்போ எனக்கும் இங்கே ஒண்ணும் சரிப்படாதுன்னுதான் நினைச்சேன். முதல்லே சட்டபூர்வமா எங்கே என்ன இருக்குன்னு விசாரிக்கிறேன். நீ உன் பள்ளிச் சான்றிதழை மட்டும் தேடி எடுத்து வை" என்றார் பேராசிரியை, வகுப்பில் அதட்டுகிற அதே குரலில்.

அந்த அம்மாள் பதில் சொல்லாமல் உள்ளே போனார். இன்னும் ஒரு சுற்றுக் காப்பி கொண்டுவரப் போகிறார் என்று நினைத்தோம். உள்ளே பரண் மேல் தகரப் பெட்டியை இழுக்கும் சப்தம் கேட்டது.

இதைப் படிக்கும் சகோதரிகளில் எத்தனை பேர் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதோ! உங்கள் ஊரில் சமுதாயக் கல்லூரியோ, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மையமோ இருக்கிறதா என்று ஒரு நடை விசாரித்துப் பாருங்கள். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம்.