வெறும் வெளிச்சம்

சுஜாதாவைப் பற்றி இந்த மாதிரிப் பக்கங்களில் எழுதுவது கொஞ்சம் கூச்சமான காரியம். ஆனாலும் கடவுள் விஷயத்தில் என்னை நெடுநாள் தொந்தரவு செய்த காட்சி எந்தச் சீரிய நாவலிலும் இல்லை. அவருடைய 'என் இனிய இயந்திரா'வில்தான் இருந்தது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த கதை. பிறகு தூர்தர்ஷனில் தொடராயிற்று.

திருக்கனூரில் எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டி அதற்கு முன்பே சாமியாகியிருந்தது. 1987 ஜனவரியிலிருந்து அடுத்த வருஷம் ஜூலை வரை ஞாயிறு காலைகளில் ராமாயணம். அம்மா பெட்டிக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுவாள். தெரு ஜனம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காரும். பெரியார் தொண்டரான அப்பா 'விடுதலை'யை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய்விடுவார். நான் அப்பா கட்சி.

பிறகு ஜீவா வந்தார். 2022-இல் நாட்டை ஆளும் சர்வாதிகாரி. கும்பிடாத குறையாக மக்கள் கட்டுப்படுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அப்படி ஒருவரே கிடையாது, ஹாலோகிராம். ஒளியில் நிற்கும் பிம்பம். பின்னாலிருந்து இயக்குகிறவர்கள் வேறு. நாத்திகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

"பார்த்தியாம்மா, வெறும் வெளிச்சம்."

"திருவக்கரையில மட்டும் என்னடா? அவளும் தீபாராதனை வெளிச்சத்துலதானே தெரியிறா" என்றாள்.

திருவக்கரை எங்களுக்குப் பக்கம். பௌர்ணமிதோறும் அம்மா வக்கிரகாளியிடம் போவாள். அங்கே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன; இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள் நிலவியல்காரர்கள். அம்மா கணக்கில் அவை அசுரனின் எலும்புகள். மரத்தின் இடத்தில் சிலிக்கா படிந்து கல்லாவதை ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எலும்பும் அப்படித்தானே ஆகும்?" என்றாள். ஆகும்தான்.

சுஜாதாவிடம் எனக்கு ஒரு குறை உண்டு. பிம்பம் உடைந்ததும் நிலாவை ராணியாக்கி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். அதிகாரத்தைப் பற்றி அது சரியான பார்வை. ஆனால் ஜீவாவை நம்பியவனின் மனசு என்ன ஆயிற்று? கதைக்கு அந்தக் கவலை இல்லை. ஆழ்வார்களுக்கு அறிமுகம் எழுதிய மனிதருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. 1967-இல் வந்த ஸ்டார் டிரெக் கதை ஒன்றில் கிரேக்கத் தெய்வம் அப்போலோ, பழைய விண்வெளிப் பயணியாக நிற்கிறான். வணங்க ஆளில்லாமல் அவன் கரைந்துபோனதும், எதிர்த்து நின்ற கேப்டன் கிர்க்கே வருந்துகிறான். வெகு காலம் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். எனக்கு அந்த வருத்தம் வேறு வழியில் முன்பே வந்திருந்தது.

அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதம். அவர் தூங்குகிறார் என்று நினைத்து அம்மா திருவக்கரைக் குங்குமத்தை நெற்றியில் இட்டுவிட்டுப் போனாள். அவருடைய கொள்கையைக் காப்பாற்றுகிறவனாக நான் துண்டை நனைத்துத் துடைக்கப் போனேன். அப்பா கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுடா. உங்க அம்மா வந்து பாப்பா."