ஆனாயர் வாசித்த ஐந்தெழுத்து

எங்கள் ஆச்சி சமய தீட்சை வாங்கியவள். திருநெல்வேலி வீட்டில் விடியுமுன்னே குளித்துவிட்டு, பட்டாசலில் வடக்குப் பார்த்து உட்காருவாள். திருநீற்றை நீரில் குழைத்து மூன்று விரலால் நெற்றியில் இழுக்கும்போதே ‘நமசிவாய’ தொடங்கிவிடும். உருத்திராக்க மாலை வலது கையில் இருக்கும்; மேலே ஒரு துண்டு மூடியிருக்கும். 108 மணி முடிந்து மேரு வந்ததும், அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்வாள்.

நான் பக்கத்தில் சம்மணமிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் காதில் விழும். பிறகு உதடு மட்டும் அசையும். அப்புறம் அதுவும் நின்றுபோகும். வாசிகம், உபாம்சு, மானசம் என்று செபத்துக்கு மூன்று படி உண்டென்பதும், மனசுக்குள் சொல்லும் மானசமே உயர்ந்தது என்பதும் வளர்ந்த பிறகு படித்தது. அந்த வயதில் ஆச்சி தூங்கிவிட்டாள் என்றே நினைப்பேன். துண்டுக்கு அடியில் மணி உருண்டுகொண்டே இருக்கும்.

நெல்லையப்பர் கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை நடக்கும். ஒவ்வொரு நாமத்துக்கும் குருக்கள் ஒரு பூப் போடுவது எனக்குப் பிடிக்கும். ஆச்சியோ அது முடிந்ததும் என்னைப் பிராகாரத்துக்கு, அறுபத்து மூவர் வரிசைக்கு இழுத்துப் போவாள். குழலோடு நிற்கும் ஆனாய நாயனார் முன்னால்தான் அதிக நேரம் நிற்பாள்.

பெரியபுராணத்து ஆனாயர் மாடு மேய்க்கிறவர். கார்காலத்தில் ஒரு கொன்றை மரம் பூங்கொத்துகள் தொங்க நிற்கிறது. அவருக்கு அது சடை விரித்த சிவனாகவே தெரிகிறது. குழலை எடுத்து ஐந்தெழுத்தை வாசிக்கிறார். பசுக்கள் மேய்ச்சலை மறந்து நிற்கின்றன. பாம்பும் மயிலும் பகையை மறந்து பக்கத்தில் வருகின்றன.

“குழல் வாயில இருந்தா எப்படி ஆச்சி நமசிவாய சொல்ல முடியும்?”

“வாயாலதான் சொல்லணுமால? மூச்சுல இருந்தாப் போதும்.”

அரிசி களையும்போதும் கோலம் போடும்போதும் அவளிடம் அந்த மூச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் திருநீறு பூசி அதையேதான் சொல்வாள், நேர்ந்துகொள்ள மாட்டாள். இன்ன மந்திரத்துக்கு இன்ன பலன் என்று அட்டவணை போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. ஆனாயர் எதையும் கேட்கவில்லை. கொன்றை பூத்திருந்தது, வாசித்தார்.

கார்த்திகை மாதத்து அத்த நட்சத்திரம் அவருடைய குருபூசை. அன்றைக்குப் பாயசத்தைச் சாமிக்குப் படைத்ததும், எங்களுக்கெல்லாம் முன்னால், பால் கொண்டுவரும் கோனாருக்குத்தான் ஆச்சி ஊற்றிக் கொடுப்பாள். அவர் குலத்து நாயனார் அல்லவா!