பெயர் தெரியாத ஒருத்தியின் புலம்பல்

எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்று உண்டு. ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ என்று பெயர். ‘இங்கிலீஷ் பாட்டு நமக்கெதற்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கணவன் வேறொருத்தியை நாடிப் போய்விட, தவிக்கிற ஒரு பெண்ணின் பாட்டு இது. நமக்குப் புரியாமல் போகுமா, என்ன?

இதை இயற்றிய டபிள்யூ. சி. ஹேண்டி, அமெரிக்காவின் அலபாமாவில் 1873-ல் பிறந்த கறுப்பினக் கலைஞர். அப்பா பாதிரியார். பையன் சிறுகச் சிறுகக் காசு சேர்த்து ஒரு கிதார் வாங்கி வந்தான். அப்பாவுக்கு வந்ததே கோபம்! கடையில் திருப்பிக் கொடுத்து அகராதி வாங்க வைத்துவிட்டார்.

ஆனாலும் இசை அவரை விடவில்லை. 1890-களில் செயின்ட் லூயிஸ் நகரில் கையில் காசில்லாமல், மிசிசிப்பி ஆற்றங்கரைக் கற்களின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார். அப்போது தெருவில் ஒரு பெண், கணவனின் கல்மனசைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே தள்ளாடிப் போனாள். அந்த வார்த்தை இவர் நெஞ்சில் தைத்துவிட்டது. இருபது வருஷங்கள் கழித்து, 1914-ல், மெம்ஃபிஸ் நகரில் அது பாட்டாக வெளிவந்தது.

புளூஸ் பாட்டின் அமைப்பு எளிது. ஓர் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்வார்கள். நாமும் துக்கத்தை ஒரு தடவை சொல்லி ஓய்ந்துவிடுகிறோமா? திரும்பவும் சொன்ன பிறகுதானே அடுத்த பேச்சே வருகிறது!

‘மெம்ஃபிஸ் புளூஸ்’ என்ற தன் முந்தைய பாட்டின் உரிமையை ஹேண்டி 1912-ல் சொற்பத் தொகைக்கு விற்றுவிட்டார். லாபம் பார்த்தவர்கள் மற்றவர்கள். அதனால் இந்தப் பாட்டைக் கூட்டாளியோடு தானே பதிப்பித்தார். அது அவருக்குக் கடைசிவரை சோறு போட்டது. 1958-ல் காலமானார்.

கேட்பதானால், 1925-ல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய இசைத்தட்டைக் கேளுங்கள். பக்கவாத்தியம் இரண்டே இரண்டுதான்: ஒரு ஹார்மோனியம், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் குழல். அவள் ஒரு வரி பாட, குழல் ‘ஆமாம்மா, ஆமாம்’ என்று ஆறுதல் சொல்வதுபோல் இருக்கும். 1929-ல் இதே பெயரில் வந்த குறும்படத்தில் பெஸ்ஸி நடித்தார். அவர் நடித்த ஒரே படம் அதுதான்.

பாட்டெழுதியவர் பெயர் நிலைத்தது. பாடியவர் பெயரும் நிலைத்தது. புலம்பிப் போன அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. அவள் கதி என்னவாயிற்றோ?

அக்கம்பக்கத்தில் ஒருத்தி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதால், ‘ஆரம்பிச்சுட்டா’ என்று ஜன்னலைச் சாத்தாதீர்கள். பாட்டெழுத நமக்கு வராவிட்டால் போகிறது. மூன்றாவது அடிவரை காது கொடுக்கலாமே!