மலாவத்தி மலையில் ஒரு நாள்

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, மாணவர்களும் பெற்றோர் சிலருமாகக் கோல சிலாங்கூரிலுள்ள மலாவத்தி மலைக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். காலை ஏழு மணிக்குச் சுங்கை புரோங்கிலிருந்து பேருந்து புறப்பட்டது. இருபுறமும் நெல்வயல்களின் பசுமை கண்களுக்கு விருந்தளித்தது. ஒரு நாள் கூலியை விட்டு வந்த தாய்மார்கள் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தனர். தஞ்சோங் காராங்கைத் தாண்டுவதற்குள் பொட்டலங்களில் பாதி காலி!

மலை என்றதும் கேமரன் மலையைப் போல் முகில் தவழும் என்று எண்ணியிருந்தோம். இதுவோ சிறு குன்று. ஆயினும், சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தை உச்சியிலிருந்து கண்டபோது இதன் அருமை விளங்கிற்று. உள்நாட்டில் கிடைத்த ஈயம் அந்த ஆற்றின் வழியாகவே அக்காலத்தில் கப்பலேறியது. இங்கே பீரங்கி வைத்திருப்பவரை மீறிப் படகு எதுவும் ஆற்றினுள் நுழைய இயலாது.

எங்களை அழைத்துச் சென்ற மலாய் வழிகாட்டி கூறியதை ஆசிரியர் தமிழில் விளக்க முற்பட்டார். உடன் வந்த பாட்டி ஒருவரோ, "எங்களுக்குப் புரியுது ஐயா, பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றார். சந்தையில் பழகிய மலாய் அது. எங்களைவிட அவரே நன்றாகப் புரிந்துகொண்டார்.

1784ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் இக்கோட்டையைக் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநரான ஆல்டிங்கின் பெயரைச் சூட்டினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம், பகாங் நாட்டினரின் துணையோடு இரவில் தாக்கி அதனை மீட்டார். 1871இல் ஆங்கிலேயரின் 'ரினால்டோ' போர்க்கப்பல் இக்கோட்டையைக் குண்டுகளால் தகர்த்தது. குற்றவாளிகளின் தலையைக் கொய்ததாகச் சொல்லப்படும் கல்லொன்றும் இங்குண்டு. அதனருகே எங்களுள் எவரும் அதிக நேரம் நிற்கவில்லை. சாம்பல் நிற மந்திகளிடந்தான் கூட்டம் மிகுந்தது. தாய் கறுத்திருக்க, மடியிலுள்ள குட்டி மட்டும் பொன்னிறமாய் இருந்தது!

1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அடியில் அந்தப் பாட்டி நின்றுவிட்டார். இளமையில் அவர் கோல சிலாங்கூரை அடுத்த தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும்போது இவ்வொளி வானில் வந்து வந்து மறையுமாம். "இத்தனை கிட்டத்தில் இருந்தும் ஏன் பாட்டி ஏறிப் பார்க்கவில்லை?" என்று வினவினோம்.

"திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் தவிர லீவு ஏது கண்ணு?"

தம் பழைய தோட்டம் எத்திசையில் உள்ளது என்று அவர் வழிகாட்டியிடம் மலாயில் கேட்டார். அவர் கைகாட்டிய பக்கம் செம்பனையும் புதுவீடுகளின் ஓட்டுக் கூரைகளுமே தெரிந்தன. ஆலையில்லை, லயமில்லை. பாட்டி கண்களுக்கு மேல் கையைக் குவித்து, ஒவ்வொரு கூரையாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பேருந்து ஓட்டுநர் இரண்டாம் முறை ஒலி எழுப்பிய பின்னரே எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டு இறங்கினார்.