கைக்கு எட்டாத பாறை

பிசின் வாடை சாலை வரைக்கும் வந்துவிடுகிறது. திருப்போரூரைத் தாண்டி மண்பாதையில் திரும்பினால், தகரக் கொட்டகை கண்ணில் படுமுன்பே நெடி மூக்கில் ஏறுகிறது. வாசலில் ஆளுயரப் பாறை ஒன்று குப்புறக் கிடந்தது. இரண்டு பையன்கள் வந்து அதைச் சிரமமில்லாமல் தூக்கி வேலியோரம் சாய்த்தார்கள். உள்ளே வெறும் கூடு. விரல் தடிமன்கூட இல்லாத ஃபைபர் ஓடு.

இன்னும் கட்டி முடியாத ஒரு ரோலர் கோஸ்டரைச் சுற்றி நிற்கப் போகும் மலையின் ஒரு துண்டு அது. எந்தப் பூங்கா, எந்த ஊர் என்று வெளியே சொல்லக் கூடாதென்று ஒப்பந்தமாம். நானும் வற்புறுத்தவில்லை. அங்கே தண்டவாளம் ஏறிக்கொண்டிருக்கிறது, இங்கே மலை தயாராகிறது.

இந்த வேலையைப் பார்க்கும் ஆசையை எனக்குள் கிளப்பியது பக்கத்து இள்ளலூர்தான். அங்கே வொண்டர்லா பூங்கா எழுந்துகொண்டிருந்தபோது, சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார் நிறுவனத்தின் கோஸ்டர் வருகிறது என்ற செய்தி வந்தது. அதன் ரயில், தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும்; கால்கள் அந்தரத்தில் ஆடும். இந்த வகையை அந்நிறுவனம் 1992-இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஓடவிட்டது. கட்டுமானப் படங்களில் வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வளைந்து நின்ற வெறும் எஃகைப் பார்த்தபோது, இதைச் சுற்றி என்ன நிற்கப் போகிறது, அதை யார் செய்வார்கள் என்பதிலேயே மனம் போய் நின்றது.

அது அலங்காரக் கேள்வி அல்ல. எக்ஸ்பிரஸ் வண்டியில் போகும்போது வயல்வெளி நிதானமாகத்தான் நகரும். குறுக்கே ஒரு சின்ன ஸ்டேஷன் வந்ததும் பிளாட்பாரத் தூண்கள் படபடவென்று அறைந்துகொண்டு ஓடும். வண்டியின் வேகம் மாறியிருக்காது. இன்ஜினியர் ரயிலுக்கு வேகத்தைத் தருகிறார். அந்த வேகத்தை நம் உடம்புக்குள் இறக்குவது பக்கத்தில் நிற்கும் சுவர். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் மரங்களின் உச்சியைத் தாண்டி எதையும் கட்டக் கூடாதென்று கட்டுப்பாடு உண்டு. 1994-இல் திறந்த நெமிசிஸ் கோஸ்டரைக் கட்டியவர்கள் மேலே போக வழியில்லாமல் பாறையை வெடிவைத்துப் பிளந்து பள்ளத்துக்குள் இறங்கினார்கள். தொங்கும் கால்களை ஒட்டிப் பாறைச் சுவர் பறந்தது. இருபத்தெட்டு ஆண்டு ஓடித் தேய்ந்த தண்டவாளத்தை மாற்றி 2024-இல் மறுபடி திறந்தபோதும், அந்தப் பள்ளம்தான் அதன் உயிர்.

கொட்டகையின் மேஸ்திரி மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் சுதை படித்தவர். 1957-இல் தொடங்கிய கல்லூரி அது. கும்பாபிஷேகத்துக்கு முந்தைய கோபுரத் திருப்பணிகளில் பல காலம் சாரத்தின் மேல் நின்றிருக்கிறார்.

“கோபுரத்துல மேல்நிலைக்குப் போகப் போகப் பொம்மையைப் பெருசா, கொஞ்சம் முன்னால சாய்ச்சு வைப்போம் சார். கீழ நிக்கிறவங்களுக்கு மொகம் தெரியணும்ல.”

“இங்கே?”

“இங்கதான் ஆள் நிக்கறதே இல்லையே!”

டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹார்ன் மலையைப் போனில் காட்டினேன். 1959-இல் திறந்தது, எஃகுக் குழாயால் தண்டவாளம் அமைத்த முதல் ரோலர் கோஸ்டர் அதற்குள்தான் ஓடுகிறது. அசல் ஆல்ப்ஸ் சிகரத்தின் நூறில் ஒரு பங்கு, 147 அடி. அதை இன்னும் உயரமாகக் காட்ட, மேலே போகப் போக மரங்களைச் சிறியதாக வைத்தார்கள். மேஸ்திரி படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். “நம்ம கணக்குக்கு நேர் எதிரு. ஆனா ரெண்டும் கண்ணைத்தான் நம்புது” என்றவர், களிமண் மாதிரியில் வேலை செய்துகொண்டிருந்த பையனிடம் திரும்பினார். “டேய், இழைக்காத. ஆழமா வெட்டு. நிழல் விழணும்.” கோபுரத்து யாளிக்குப் பல் வரிசை தெரிய வேண்டும். இந்தப் பாறையைக் கடப்பவருக்கோ ஒரு கண்சிமிட்டும் நேரம்தான். நுணுக்கம் அதில் கரைந்துபோகும், பள்ளமும் மேடும் மட்டும் நிற்கும். கோபுரத்தில் பழகிய கை இதை ஏற்க எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

களிமண் மாதிரியிலிருந்து அச்சு எடுக்கிறார்கள். அச்சுக்குள் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் பூசி, அதன் மேல் கண்ணாடி இழை விரிப்பை (மேட்) அடுக்கடுக்காக வைத்துப் பிசினில் நனைக்கிறார்கள். உள்ளே காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடம் பின்னால் வெடிக்கும். ரோலரை உருட்டி உருட்டி அதை வெளியே துரத்த வேண்டும். ஹார்டனர் கலந்த பிசின் உச்சி வெயிலில் டப்பாவிலேயே இறுகிவிடும் என்பதால் பெரிய பாகங்களைக் காலையிலேயே முடித்துவிடுகிறார்கள். மேட் வெட்டுவது பெண்கள். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. இழைத் தூள் தோலில் ஏறினால் ராத்திரி முழுக்க அரிக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், வெந்நீர் பட்டால் தூள் உள்ளே இறங்கிவிடும் என்று புதிதாக வந்த பெண்ணுக்கு ஒரு அக்கா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பாதிப் பேர் முகத்தில் கைக்குட்டைதான். துணி தூளை ஓரளவு தடுக்கும்; பிசின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். கோடிகளில் எழும் பூங்காக்கள், வேலை கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே அதைக் கட்டாயமாக்கலாம். ஆக்க வேண்டும்.

சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் தண்டவாளத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கூடு வரைந்திருந்தது. நீட்டிய கையும் உதைத்த காலும் எட்டக்கூடிய எல்லை அது. அதற்குள் ஒரு துரும்பும் நுழையக் கூடாது. திறப்பதற்கு முன் அந்த அளவுக்கு ஒரு சட்டம் செய்து ரயிலில் மாட்டி, வழி முழுக்க மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். இடிக்கிற பாறையை அறுத்துத்தான் ஆக வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து வேகமாக ஓட்டும் சோதனை. சிவப்புக் கோட்டிலிருந்து விலகிப் பத்திரமாக நிறுத்திவிடலாம். அப்போது பயம் வராது. கோட்டுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவதில்தான் இவர்கள் கெட்டிக்காரத்தனம்.

பாறையைத் தாங்கும் சட்டத்தைக் கோஸ்டர் தூணோடு பற்றவைக்க மாட்டார்களாம். ரயில் ஓடும் அதிர்வு மலைக்கு வந்தால் விரிசல் விடும். டிஸ்னி 2006-இல் திறந்த எவரெஸ்ட் கோஸ்டரிலும் இதே கதைதான். கிட்டத்தட்ட 200 அடி மலை, தண்டவாளம், உள்ளே பாய வரும் பனிமனிதன் மூன்றும் ஒன்றையொன்று தொடாத தனித்தனிக் கட்டுமானங்கள். ஆனால் திறந்த சில மாதங்களிலேயே அந்தப் பனிமனிதனின் அசைவு நின்றுபோனது. விளக்கை மினுக்கி அசைவதுபோல் காட்டிவந்தார்கள். இதைச் சொன்னபோது பையன்கள் வேலையை நிறுத்திக் கேட்டார்கள். மேஸ்திரி மட்டும், “செஞ்சவன் எவ்ளோ வருத்தப்பட்டிருப்பான்” என்றார்.

டிரெய்லர் வருவதற்குள் பாகங்களின் முதுகில் எண் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது வரைபடத்தின் முன் என்னை நிறுத்தி, ஒரு வளைவில் விரலை வைத்தார். சிவப்புக் கோட்டை உரசுகிற மாதிரி அவருடைய பாறை வருகிற இடம்.

“தொறந்ததும் போவீங்கல்ல? இடது ஓரம் உக்காருங்க சார். நடு சீட்டு கொடுத்தா அடுத்த வண்டிக்கு நில்லுங்க.”

நிற்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.