ஆதாரம் எங்கே, மாமா?



கணினி விளையாட்டு என்றாலே பிள்ளைகளைக் கெடுக்க வந்த சனியன் என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த விளையாட்டே எனக்குப் பாடம் சொன்ன கதையைக் கேளுங்கள்.

2004-ஆம் ஆண்டு, கிள்ளானை அடுத்த ஒரு தோட்டப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பத்து வெள்ளி காணாமற் போயிற்று. செம்பனைக்கு உரம் போடும் தாய் கொடுத்தனுப்பிய பணம். பின் வரிசைப் பையன் ஒருவனை எழுப்பினேன். தகப்பன் குடிகாரர், சட்டை கிழிசல். எனக்கு அது போதுமாக இருந்தது. "நீதானே எடுத்தாய்?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு மே மாத விடுமுறை வந்துவிட்டது.

கொமுட்டர் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸிலுள்ள அக்காள் வீட்டுக்குப் போனேன். அக்காள் மகன் கணினி முன் உட்கார்ந்திருந்தான். 2000-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சி.எஸ்.ஐ.' துப்பறியும் தொடரை வைத்து, 2003-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. மொத்தம் ஐந்து வழக்குகள். லாஸ் வேகாஸ் நகரில் கைரேகையைத் தேடி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டு, குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். துப்பாக்கிச் சண்டைக்கு அங்கே வேலையில்லை.

நானும் ஆடிப் பார்த்தேன். ஒருவனின் திருட்டு முழி பிடிக்கவில்லை. அவன் வீட்டைச் சோதிக்க பிராஸ் என்ற போலீஸ் அதிகாரியிடம் உத்தரவு கேட்டேன். மறுத்துவிட்டார்.

"முழியைப் பார்த்துப் பிடிக்க முடியாது, மாமா. ஆதாரம் எங்கே?" என்று சிரித்தான் மருமகன்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவு தூக்கமில்லை.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியின் பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். அடி அட்டைக்குக் கீழே மடிந்து கிடந்தது பத்து வெள்ளி! முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம். மாலையில் லயத்துக்குப் போய், தகப்பனார் முன்னிலையில் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் வகுப்பிலும் கேட்டேன். அவன் திரும்பி வந்தான். ஆனால் என் முகத்தை நிமிர்ந்து பார்க்க மூன்று மாதம் ஆயிற்று.

கைரேகை ஒன்றும் நமக்கு அந்நியமல்ல. உலகின் முதல் கைரேகைக் காரியாலயம் 1897-இல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்களில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களும் உண்டு. சம்பள நாளில் கைநாட்டு வைத்த என் தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பெற்றோரே, இத்தகைய விளையாட்டுகளில் பிணமும் இரத்தமும் வரும். சிறு பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். ஆட்டத்தில் வருவதுபோல் நிஜத்தில் நொடியில் முடிவு வராது என்பதையும் சொல்லுங்கள். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள இரசாயன இலாகாவின் ஆய்வுக்கூடத்தில் பொறுமையாகத்தான் சோதிப்பார்கள்.

வீட்டில் ஏதேனும் காணாமற் போனால், பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் பையின் அடியைப் பாருங்கள். நான் பார்க்கத் தவறியவன், அதனால் சொல்கிறேன்.