அரசியின் கூந்தலுக்குப் பின்னால் ஓர் ஊர்!

ஏப்ரல், மே மாதங்களில் நிலா இல்லாத இரவு. உத்திரத்துக்கும் சுவாதிக்கும் நடுவே, சற்று வடக்கே பார்த்தால் மங்கலான சில நட்சத்திரங்கள் தெரியும். அதற்குப் பெயர் ‘பெரனிசின் கூந்தல்’.

போருக்குப் போன கணவர் மூன்றாம் தாலமி பத்திரமாகத் திரும்பினால் கூந்தலைக் காணிக்கையாகத் தருவதாக வேண்டிக்கொண்டாராம் எகிப்து அரசி பெரனிஸ். அவர் திரும்பினார், அரசி வேண்டுதலை நிறைவேற்றினார். கோயிலில் வைத்த கூந்தல் காணாமல் போனது. “அது வானத்துக்குப் போய்விட்டது” என்று சமாதானம் சொன்னார் அரண்மனை வானியலாளர் கோனன்.

அந்த நட்சத்திரங்களையும் தாண்டி, வெகு தொலைவில் ஓர் ‘ஊர்’ இருக்கிறது. கோமா கொத்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் குடியிருக்கும் இடம். தூரம், 30 கோடி ஒளியாண்டுகளுக்கும் மேல். இன்று தொலைநோக்கியில் விழும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது, பூமியில் டைனோசர்களே பிறந்திருக்கவில்லை!

ஊர் நடுவே இரண்டு பெரிய வீடுகள். அவற்றில் ஒன்று, 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த என்ஜிசி 4889. நம் பால்வீதிபோல இதற்குச் சுருள் கைகள் கிடையாது. முட்டை வடிவம்; மஞ்சள் நிறத்தில் வயதான நட்சத்திரங்கள். புதிதாகப் பிறப்பவை அபூர்வம். பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்ட பழைய வீடு போல ஓர் அமைதி.

ஆனால், நடுக்கூடத்தில் ஒரு ராட்சதக் கருந்துளை தூங்குகிறது. சுற்றியுள்ள நட்சத்திரங்களின் வேகத்தை வைத்து 2011-ல் அதன் எடையைக் கணக்கிட்டார்கள். சுமார் 2,100 கோடி சூரியன்கள்! நம் பால்வீதியின் நடுவில் இருப்பது வெறும் 40 லட்சம்தான். அருகில் இருந்த இரையை எல்லாம் தின்று தீர்த்துவிட்டதால் இப்போது அது சாது.

இந்த ஊருக்கு இன்னொரு ரகசியமும் உண்டு. 1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இங்குள்ள கேலக்ஸிகளின் வேகத்தை ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் என்றால், இவ்வளவு வேகத்தில் அவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். தெரியாத ஏதோ ஒன்று கட்டிப் பிடித்திருக்கிறது என்றார். அதுதான் ‘கரும்பொருள்’.

காணாமல் போன கூந்தலுக்குக் கோனன் ஒரு கதை சொல்லிச் சமாளித்துவிட்டார். அதே திசையில், கண்ணுக்குத் தெரியாத அந்த எடை எதனால் ஆனது என்று விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.